வைட்டமின் சி: தேவை கொஞ்சம், ஆனால் தினமும்

வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் ஆட்டுக்கு வராது. மாதக்கணக்கில் காய்ந்த புல்லையே மேய்ந்தாலும் வராது. தனக்கு வேண்டிய வைட்டமின் சியை அது தன் கல்லீரலிலேயே சர்க்கரையிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. மாடு, நாய், பூனை, எலி எல்லாமே அப்படித்தான். மனிதனால் முடியாது. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு நம் உடலில் இன்னமும் இருக்கிறது. ஆனால் பழுதாகி, பயனற்றுக் கிடக்கிறது. குரங்குகளுக்கும் இதே நிலைதான். கினிப்பன்றிகளும் வௌவால்களில் பல இனங்களும் இந்தத் திறனைத் தனித்தனியே இழந்திருக்கின்றன. பழமும் இலையும் தின்று வாழ்ந்த நம் மூதாதை விலங்குகளுக்கு இந்த இழப்பு உறைக்கவே இல்லை. வேண்டிய அளவு வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. நமக்கும் வாய் ஒன்றுதான் வழி.

உடலில் இதைப் பெரிதாகச் சேமித்து வைக்கவும் இயலாது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் உடல் முழுவதிலும் சுமார் 1,500 மில்லிகிராம் இருக்கும். உணவில் வைட்டமின் சி அறவே நின்றுபோனால் இந்த இருப்பு நாளுக்கு நாள் கரைந்து, 300 மில்லிகிராம் அளவுக்குக் கீழே போகும்போது ஸ்கர்வியின் அறிகுறிகள் தலைகாட்டும். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதங்கள் ஆகும். பாய்மரக் கப்பல்களில் போனவர்கள் கரையை விட்டு இரண்டு மூன்று மாதங்களில் சாகத் தொடங்கியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

வைட்டமின் சி என்றதும் ‘எதிர்ப்புச் சக்தி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதன் முதல் வேலை உடலைக் கட்டி நிறுத்துவது. தோல், ஈறு, எலும்பு, தசைநாண், இரத்தக் குழாயின் சுவர் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது அது. இழைகள் அவிழாமல் இருக்க, அவற்றிலுள்ள சில அமினோ அமிலங்களில் குறிப்பிட்ட இடங்களில் ஓர் ஆக்சிஜன் அணு ஏற வேண்டும். இதைச் செய்யும் நொதிகளின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வேலை நடக்க நடக்க அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழந்துபோகும். வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து மறுபடி வேலைக்குத் திருப்புகிறது. அது இல்லாவிட்டால் நொதி நின்றுபோகும். முறுக்கு ஏறாத, உறுதியில்லாத கொலாஜன்தான் உருவாகும்.

ஸ்கர்வியின் அறிகுறிகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே வருகின்றன. ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும். மயிர்க்கால்களைச் சுற்றி ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் தோன்றும். மயிர் நேராக வளராமல் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். தொடையிலும் கெண்டைக்காலிலும் காரணமில்லாமல் கன்றிப்போகும். 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பல்களில் நடந்த ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அயர்லாந்தில் நடந்த போரில் காயம்பட்டு, முழுக்க ஆறிப்போயிருந்த ஒருவருக்கு, அதே காயங்கள் மறுபடியும் திறந்துகொண்டன. தழும்பு என்றால் ஆறி முடிந்துபோன இடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே பழைய கொலாஜன் சிதைவதும் புதியது உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. புதியது வருவது நின்றால் பழைய காயமும் பிரியும்.

இதைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர். 1939இல் அவர் காய், பழம் எதுவும் இல்லாத உணவுக்கு மாறினார். மூன்று மாதம் கழித்து அவர் முதுகில் கத்தியால் ஒரு காயம் போடப்பட்டது, வழக்கம்போல் ஆறியது. ஆறாவது மாதத்தில் இன்னொரு காயம். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது மேல்தோல் மூடியிருந்தது. அடியில் ஒன்றுமே கூடவில்லை, உறைந்த இரத்தம்தான் நிரம்பியிருந்தது. வைட்டமின் சியை ஊசியாக ஏற்றிய பிறகு அதே காயம் ஒழுங்காக ஆறியது. கட்டுப் பிரிக்கும்போது வெளியே நன்றாகத் தெரியும் புண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி இன்றைய மருத்துவமனைகளிலும் கேட்கப்பட வேண்டியதுதான்.

கொலாஜனைத் தவிர வேறு வேலைகளும் உண்டு. கொழுப்பை எரித்து ஆற்றல் பெற உதவும் கார்னிட்டின் என்ற பொருளையும், நரம்புகள் பயன்படுத்தும் நார்-அட்ரினலினையும் தயாரிக்க வைட்டமின் சி தேவை. ஸ்கர்வியில் ஈறு வீங்குவதற்கு வெகு முன்னரே அசதியும் மனச்சோர்வும் வந்துவிடுவதற்கு இவையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

இனி புளிப்பின் கதை. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், சாலிஸ்பரி என்ற கப்பலில் 1747 மே மாதம் செய்த சோதனையைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டு பேராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மருந்து கொடுத்தார். ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர் ஆகியவை நான்கு பிரிவுகளுக்கு. ஐந்தாவது பிரிவுக்கு நாளுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறாவது பிரிவுக்குப் பூண்டு, கடுகு முதலியவை சேர்த்து அரைத்த லேகியம். அதோடு குடிக்கப் புளி கரைத்த பார்லி நீர். ஆம், நம் புளிதான். பழம் சாப்பிட்ட இருவரும் ஆறே நாளில் தேறினார்கள். அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பினார், மற்றவர் மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். புளி குடித்தவர்களுக்குப் பயன் இல்லை.

பட்டியலை மறுபடி பாருங்கள். பாதிக்கு மேல் புளிப்பானவை. அமிலம்தான் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்றும் நம்மிடையே இருக்கிறது. புளிப்பாக இருந்தால் வைட்டமின் சி இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. அதில் வைட்டமின் சி மிகச் சொற்பம். தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்புக்கூட பெரும்பாலும் சிட்ரிக் அமிலம்தான். வைட்டமின் சி அதனுடன் கூட இருக்கிறது, அவ்வளவே. கொய்யாவோ பப்பாளியோ இனிப்பானவை. பச்சை மிளகாய் காரமானது. மூன்றிலும் வைட்டமின் சி தாராளம்.

நாவை நம்பியதற்குக் கடலோடிகள் கொடுத்த விலை பெரிது. லிண்டே எலுமிச்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் குழம்பாக்கிக் கப்பலில் எடுத்துப்போகச் சொன்னார். காய்ச்சினால் புளிப்பு அப்படியே இருக்கும், வைட்டமின் போய்விடும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. 1795இல்தான் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முடிவெடுத்தது. ஸ்கர்வி கிட்டத்தட்ட மறைந்தது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மத்தியதரைக் கடல் பகுதியின் மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைச் சாற்றுக்கு மாறினார்கள். அதுவும் நன்றாகப் புளித்தது. ஆனால் வைட்டமின் குறைவு. நாள்பட வைத்திருந்ததில் இன்னும் குறைந்தது. 1875இல் வடதுருவம் நோக்கிப் போன பிரிட்டிஷ் குழு அந்தச் சாற்றை வைத்துக்கொண்டே ஸ்கர்வியில் விழுந்தது.

இந்தத் தவற்றால் பாதிக்கப்பட்டவர்களில் இந்திய வீரர்களும் உண்டு. முதல் உலகப் போரில், இன்றைய இராக்கிலுள்ள கூத் நகரில் 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் சிக்கிய படையில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒரு நோய், இந்தியர்களுக்கு வேறொரு நோய். பிரிட்டிஷ்காரர்கள் வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்டு, வைட்டமின் பி1 இல்லாமல் பெரிபெரி நோய்க்கு ஆளானார்கள். இந்தியர்களுக்கு தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு கிடைத்ததால் பெரிபெரி வரவில்லை. ஆனால் குதிரை இறைச்சியைப் பெரும்பாலானோர் தொடவில்லை, காய்கறியும் இல்லை. அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. புது இறைச்சியிலும் கொஞ்சம் வைட்டமின் சி உண்டு என்பதால் வந்த வித்தியாசம் இது.

இலண்டனின் லிஸ்டர் நிலையத்தில் இதைக் கையில் எடுத்தவர் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி. அவரும் உடன் பணிபுரிந்த பெண்களும் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில், படைக்கு வழங்கப்பட்ட பச்சை எலுமிச்சைச் சாறு மஞ்சள் எலுமிச்சைச் சாற்றுக்கு அருகில்கூட வராது என்று தெரிந்தது. அவர்கள் கண்டறிந்த இன்னொன்று நம் வீட்டுக்கு நெருக்கமானது. காய்ந்த பருப்பில் ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் இல்லை. அதையே ஊறவைத்து முளைகட்டினால் வந்துவிடுகிறது. விதை முளைக்கும்போது செடி தனக்கான வைட்டமின் சியைத் தயாரிக்கத் தொடங்குகிறது. பழமும் காயும் அனுப்ப முடியாத பாலைவனப் படைமுகாம்களுக்கு மூட்டைப் பயறும் தண்ணீரும் போதும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். வைட்டமின் சியின் வரலாற்றில் இதைவிட எளிமையான, பயனுள்ள யோசனை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பொருள் இன்னதென்று தெரிய 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து சிறிதளவே பிரித்து வைத்திருந்தார். ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. அவர் பணிபுரிந்த செகெட் நகரைச் சுற்றி விளைந்த செம்மிளகாயில் அது கொட்டிக் கிடந்தது. சில வாரங்களில் கிலோ கணக்கில் எடுத்தார். 1937இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான நார்மன் ஹாவர்த் இதன் மூலக்கூறு வடிவத்தைக் கண்டவர். 1933இல் இதைச் செயற்கையாகத் தயாரிக்கவும் கற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து மலிவான மாத்திரையாகிவிட்டது.

மலிவானதும் ஆசை வளர்ந்தது. 1970இல் லைனஸ் பாலிங், நாளுக்குக் கிராம் கணக்கில் வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பிடிக்காது என்று புத்தகம் எழுதினார். இரண்டு நோபல் பரிசு பெற்றவர் சொன்னால் உலகம் கேட்காமல் இருக்குமா? ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் ஆரஞ்சு நிற மாத்திரையின் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான். இதற்கு முற்றிலும் அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளை அணுக்கள் தமக்குள் வைட்டமின் சியை இரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு சேர்த்து வைத்துக்கொள்கின்றன; கிருமிகளோடு போராடும்போது அது செலவாகிறது. ஆனால் குறைபாடு வந்தால் எதிர்ப்புச் சக்தி தளரும் என்பது ஒன்று, போதுமான அளவு உள்ளவர் மேலும் மேலும் விழுங்கினால் எதிர்ப்புச் சக்தி ஏறிக்கொண்டே போகும் என்பது முற்றிலும் வேறு.

சோதனைகள் சொல்வது இதுதான். 11,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான காக்ரன் மதிப்பாய்வின்படி, தினமும் மாத்திரை சாப்பிட்ட சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் குறைந்தது. ஒரு வாரச் சளியில் பெரியவர்களுக்கு அரை நாள், குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒரு நாள். அதுவும் முன்பிருந்தே தினமும் சாப்பிட்டு வந்தால்தான். தும்மல் தொடங்கிய பிறகு வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு உறுதியான பயன் தெரியவில்லை. மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் வீரர்கள் போன்று உடலை வருத்துபவர்களுக்கு மட்டும் சளி வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியானது. கொரோனா காலத்தில் அதிக அளவு கொடுத்துப் பார்த்த சோதனையில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கடும் கிருமித்தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு நரம்பு வழியே ஏற்றிய சோதனை 2022இல் வெளியானது. அதில் ஊசி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது.

கூடுதலாகக் கொடுத்தால் உடல் ஏற்பதும் இல்லை. நாளுக்குச் சுமார் 200 மில்லிகிராமைத் தாண்டியதும் இரத்தத்தின் அளவு அதற்கு மேல் பெரிதாக ஏறுவதில்லை. ஒரே வேளையில் ஆயிரத்துக்கு மேல் விழுங்கினால் குடல் பாதியைக்கூட உறிஞ்சாது. உறிஞ்சியதில் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். ஒரு பகுதி, கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டாக மாறும் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆயிரம் மில்லிகிராம் மாத்திரையைத் தொடாமல் இருப்பதே நல்லது. சுவீடனில் ஆண்களிடம் நடந்த நீண்ட கால ஆய்வில், அத்தகைய மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. தலசீமியா போன்ற நிலைகளில் உடலில் இரும்பு மிகுந்திருப்பவர்களும், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதிக அளவில் எடுக்கக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த பரிந்துரையின்படி ஆண்களுக்கு நாளுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் போதும். பாலூட்டும் தாய்க்கு 115. புகைபிடிப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவை. புகையின் நச்சுகள் வைட்டமின் சியைத் தின்றுவிடுகின்றன. நோய் வராமல் தடுக்க மட்டும் என்றால் 10 மில்லிகிராமே போதும் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தன்னார்வலர்களிடம் நடந்த சோதனை காட்டியது. பரிந்துரையில் உள்ள மீதி, இருப்புக்காக.

இவ்வளவு சிறிய தேவைகூட நிறைவேறாதவர்கள் நம் நாட்டில் ஏராளம் என்பதுதான் என்னை வருத்துகிறது. 60 வயதைத் தாண்டியவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் 74 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 46 சதவீதம் பேருக்கும் வைட்டமின் சி குறைபாடு இருந்தது. புகையிலைப் பழக்கமும், விறகடுப்புப் புகையும், போதாத சாப்பாடும் அதனுடன் சேர்ந்தே காணப்பட்டன. பருவத்தைப் பொறுத்தும் மாறியது. வசதியுள்ள வீட்டில் மாத்திரை விழுங்கும் இளைஞருக்குக் குறைபாடு இருக்க வாய்ப்பு குறைவு. தனியாக இருந்து, ஒரு வேளை பொங்கி மூன்று வேளையும் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிடும் பாட்டிக்கு இருக்கலாம். எலுமிச்சை ஊறுகாய் புளிக்கும். உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, எண்ணெயில் வதங்கி, மாதக்கணக்கில் ஜாடியில் இருந்ததில் வைட்டமின் அதிகம் மிஞ்சியிருக்காது. குடிப்பழக்கம் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இரண்டு மூன்று உணவைத் தவிர வேறெதையும் தொடாத ஆட்டிசம் குழந்தைகள் ஆகியோரிடமும் ஸ்கர்வி இன்றும் காணப்படுகிறது. கால்வலி என்று அழும் குழந்தைக்கு எலும்பு, மூட்டு, இரத்தப் புற்று என்று எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே “என்ன சாப்பிடுகிறது?” என்ற கேள்வி வருகிறது.

இரும்புச் சத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கீரை, பருப்பு, கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளதைப்போல் எளிதில் உடலில் சேராது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால், அது இரும்பை உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றிக் கரைத்து வைக்கிறது. ஆகவே கீரைச் சாதத்தோடு தக்காளியோ எலுமிச்சைச் சாறோ இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ கூடாது. இது உணவிலுள்ள இரும்புக்கு. மருத்துவர் எழுதித்தரும் இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பயன் உண்டா என்று சீனாவில் நடந்த சோதனை, 2020இல் இல்லை என்றே முடிவு சொன்னது.

எங்கிருந்து எடுத்துக்கொள்வது? நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பஸ் நிலையத்தில் மிளகாய்ப் பொடி தூவி விற்கும் காயில் பாதி தின்றாலே ஒரு நாள் தேவை முடிந்தது. ஆரஞ்சில் அதே எடைக்கு 40 முதல் 50. நெல்லிக்காயின் அளவைப் பழைய அட்டவணைகள் 600 என்றும் புதியவை 250 அளவிலும் தருகின்றன, எப்படியானாலும் முன்வரிசைதான். 1939-40இல் அன்றைய பஞ்சாபின் ஹிசார் பகுதியில் பஞ்சத்தோடு ஸ்கர்வி பரவியபோது நெல்லிக்காயைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள். முருங்கைக் கீரையில் பச்சையாக நிறைய உண்டு. பண்ருட்டிப் பக்கம் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு தோப்பிலேயே விட்டுவிடும் முந்திரிப் பழம், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்டது. அந்தப் பழம் அழுகிப்போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும், காற்றுப் பட்டால் குறையும். காயை நறுக்கியதும் அதன் திசுவிலிருந்து வெளிப்படும் ஒரு நொதியே அதை அழிக்கத் தொடங்குகிறது. ஆகவே நறுக்கிய பின் கழுவுவது, முந்தைய நாள் இரவே நறுக்கி வைப்பது, கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது எல்லாம் இழப்புத்தான். எலுமிச்சை ரசத்துக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழிவது நம் வழக்கம். கசந்துவிடும் என்பதற்காகச் செய்வது வைட்டமினையும் காப்பாற்றுகிறது. கொத்தமல்லியைக் கடைசியில் தூவுவதும் அப்படியே.

பல் இல்லாத முதியவருக்குக் கொய்யாவைக் கொடுத்துப் பயனில்லை. பப்பாளி மென்மையானது, நூறு கிராமில் 40 முதல் 60 மில்லிகிராம் இருக்கிறது. கனிந்த மாம்பழம், மசித்த தக்காளி, குடிக்கும் நேரத்தில் பிழிந்த எலுமிச்சைச் சாறு எல்லாம் அவருக்கு ஆகும். சர்க்கரை நோய் இருந்தால் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுக்கலாம். இரத்த அழுத்தமும் இருந்தால் உப்பையும் குறைக்க வேண்டும். முளைகட்டிய பயறைச் சில நிமிடம் ஆவியில் காட்டினால் ஈறாலேயே மசிக்கும் அளவுக்கு இளகாவிட்டாலும், அதைத் தேங்காயோடு அரைத்துத் துவையலாக்கினால் கஞ்சிக்கு ஊறுகாய் இருந்த இடத்தில் வைக்கலாம்.